மூர் மார்க்கெட் இருந்த இடம்

சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையத்துக்கு வழங்கும் பெயர் எம்.எம்.சி. மூர் மார்க்கெட் வளாகம் என்பதன் சுருக்கம் அது. பெயருக்குரிய சந்தை போய் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

பிராட்வேயிலிருந்த பாப்ஹாம் சந்தை வியாபாரிகளுக்கு மாற்றிடமாகத்தான் மூர் மார்க்கெட் உருவானது. அன்றைய மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டினார். ஆர்.இ. எல்லிஸின் வரைபடப்படி ஏ. சுப்பிரமணிய ஐயர் கட்டினார். 1900-இல் திறப்பு விழா. சிவப்புச் செங்கல், வளைவுகள், நடுவே முற்றம், சுற்றிலும் கடைகள்.

காய்கறி, இறைச்சி என்று தொடங்கிய சந்தைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை பழைய பொருள்கள். இசைத்தட்டு, கடிகாரம், வளர்ப்புப் பறவை எல்லாம் உண்டு. ஆனாலும் புத்தகக் கடைகளுக்கே முதலிடம் தருவேன். தேடிய புத்தகம் கையில் கிடைத்ததும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. வேறு இரண்டைப் புரட்டிவிட்டு, போகிற போக்கில் இதன் விலையையும் கேட்க வேண்டும். கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூட அட்டையையும் பதிப்பாண்டையும் பார்த்தே மதிப்புச் சொன்னார்கள். புத்தகம் வாங்க வசதியில்லாத மாணவர்கள் பலர் இவர்களை நம்பித்தான் படித்தார்கள். நகரத்தின் இரண்டாவது பல்கலைக்கழகம் என்றே இதைச் சொல்வேன்.

1985 மே 30 அன்று தீப்பிடித்தது. கடைகளோடு எத்தனையோ அரிய பதிப்புகளும் சாம்பலாயின. எஞ்சிய சுவர்களும் இடிக்கப்பட்டு அங்கே ரயில்வே கட்டடம் எழுந்தது. கட்டடம் போனதைவிட, அங்கே என்னென்ன இருந்தன என்பதற்கு ஒரு பட்டியல்கூட இல்லாமல் போனதே பெரிய இழப்பு. வியாபாரிகள் பலர் அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம் மாறித் தொழிலைத் தொடர்ந்தார்கள். அவர்களுடைய அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்ய இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய புத்தகங்களின் முதல் பக்கத்தைப் பாருங்கள். மூர் மார்க்கெட் கடை முத்திரையோ, பென்சிலில் குறித்த விலையோ, உள்ளே செருகிய ரசீதோ இருந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து வையுங்கள், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள்.