இரண்டாவது மெக்கானிக்

சத்தம் சின்னதுதான். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது, முன்பக்க இடது சக்கரத்துக்கு மேலே எங்கேயோ 'கடக்' என்று ஒரு ஒலி. கூடவே டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நாலு தரம் எரிந்து அணைந்துகொண்டிருந்தது. வருடம் 2013. வாரன்டி முடிந்து சரியாக மூன்று மாதம். காருக்கு எப்படித்தான் தேதி தெரியுமோ!

கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டேன். எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஏசி அறை, ஓசி காபி, சுவரில் டிவி. ஒரு மணி நேரம் கழித்து டை கட்டிய பையன் ஒருவன் எஸ்டிமேட்டுடன் வந்தான். ஸ்டியரிங் ரேக் போய்விட்டதாம். தனித்தனியாக வராது, அசெம்பிளியாகத்தான் மாற்ற வேண்டுமாம். மஞ்சள் விளக்குக்குக் காரணம் ஒரு சென்சார். அதையும் மாற்ற வேண்டும். லேபர், வரி எல்லாம் சேர்த்து 41,600 ரூபாய்.

'இப்படியே ஓட்டினா ஹைவேஸ்ல ரிஸ்க் சார். ஃபேமிலியோட போறவரு நீங்க...' என்று இழுத்தான். ஃபேமிலி என்றதும் என் கை தானாகப் பர்ஸுக்குப் போனது. ஆனால் பர்ஸில் அவ்வளவு பணம் இல்லை. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது புத்திசாலித்தனம் அல்ல, வறுமை.

மறுநாள் ஒரு கட்டுரை வேலையாக ஒரகடம் போகவேண்டியிருந்தது. முடித்துவிட்டு சுங்குவார்சத்திரம் பக்கம் வரும்போது, ரோட்டோரமாக ஒரு தகர ஷெட். வண்டியை ஓரங்கட்டினேன். அந்த மெக்கானிக் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். கீழே படுத்து லிவரால் இரண்டு இடத்தில் நெம்பினார். எழுந்து வந்தார்.

'ரேக்குக்கு ஒண்ணும் இல்ல சார். லிங்க் ராடு தேஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் மாத்திடலாம்.'

மாற்றினார். 1,900 ரூபாய். சத்தம் போயே போச்சு.

'அப்படியே இந்த லைட்டையும் பாருங்கண்ணே' என்றேன். உதட்டைப் பிதுக்கினார். 'அது நம்மால ஆகாது சார். கம்ப்யூட்டர் மாட்டித்தான் பார்க்கணும். அந்த மிஷினை எங்களுக்குத் தர மாட்டாங்க. பார்ட்டும் வெளியில கிடைக்காது.' கையில் இருந்த ஸ்பானரை ரோட்டின் பக்கம் நீட்டினார். 'இத்தனைக்கும் இந்த ரோட்டுலதான் சார் எல்லாத்தையும் செய்யறாங்க. எங்க அக்கா பையன் அங்கதான் ஷிப்டுக்குப் போறான்.'

இரண்டாவது கருத்து கேட்கத்தான் போனேன். பாதிக் கருத்துதான் கிடைத்தது. மீதிப் பாதி ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது.

★

முதலில் ஒரு சின்ன பொருளாதாரப் பாடம். பயப்படாதீர்கள், பி.காம். படித்தவன் சொல்லும் அளவுக்குத்தான்.

கத்தரிக்காயை வாங்குவதற்கு முன்பே சொத்தையா என்று பார்த்துவிடலாம். ஹோட்டல் சாம்பார் எப்படி என்பது சாப்பிட்ட பிறகு தெரியும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. வாங்கி, பணம் கொடுத்து, பயன்படுத்திய பிறகும் அது நமக்குத் தேவைதானா என்று தெரியாது. 1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். நம்பிக்கையை மட்டுமே வைத்து வாங்கும் சரக்கு. ஆபரேஷன் அப்படி. ரிப்பேரும் அப்படியே. ரேக்கை மாற்றியிருந்தாலும் சத்தம் போயிருக்கும், ஏனென்றால் போகிற போக்கில் லிங்க் ராடையும் மாற்றியிருப்பார்கள். நானும் 'நல்ல வேளை, ரேக்கை மாத்தினோம்' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

நோய் என்ன என்று சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆள். சிக்கல் அங்கேதான்.

இது நம் ஊர் வியாதி என்று நினைக்கவேண்டாம். 1941-ல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. நல்ல கார் ஒன்றில் இக்னிஷன் காயிலின் ஒயர் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே கழற்றிவிட்டு, அமெரிக்கா முழுக்க 347 ஷெட்களுக்கு ஓட்டிப்போனார்கள். ஒயரைப் பார்த்து உடனே மாட்டிக் கொடுத்தவர்கள் 129 பேர். மீதி 218 பேர் தேவையில்லாத பாகம் போட்டார்கள், அல்லது செய்யாத வேலைக்கு பில் போட்டார்கள், அல்லது அநியாயத்துக்குக் காசு வாங்கினார்கள். அதாவது 63 சதவிகிதம்.

அரை நூற்றாண்டு கழித்து, கலிஃபோர்னியா அரசின் வாகனப் பழுதுத் துறை மாறுவேடத்தில் ஆள் அனுப்பியது. இந்த முறை போனது தெருவோர ஷெட்டுக்கு அல்ல. சியர்ஸ் என்ற மாபெரும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்களுக்கு. முதல் கட்டத்தில் 38 முறை போனார்கள். அதில் 34 முறை தேவையற்ற வேலை தலையில் கட்டப்பட்டது. தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அங்கே சர்வீஸ் அட்வைசர்களுக்கு விற்பனை இலக்கு வைத்திருந்தார்கள். இத்தனை பாகம் விற்றால் இத்தனை கமிஷன். கெட்ட மனிதர்கள் என்று யாரும் தேவையில்லை, கெட்ட கணக்கு ஒன்று போதும்.

★

அம்பாசிடர், பத்மினி காலத்தில் நமக்கு இந்தப் பிரச்னை பெரிதாக இல்லை. மெக்கானிக் ஏமாற்றவில்லை என்று அர்த்தமில்லை. ஒருவர் ஏமாற்றினால் அடுத்தவரிடம் போக வழி இருந்தது. கார்புரேட்டர், பிளக், பாயிண்ட் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் சமாசாரங்கள். பாகம் வேண்டுமா? சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருந்தது. பழசு வேண்டுமா? புதுப்பேட்டை. அண்ணன் தம்பி தவிர எல்லாம் கிடைக்கும்.

தொண்ணூறுகளில் காட்சி மாறியது. மறைமலை நகரில் ஃபோர்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 1998-ல் அங்கிருந்து சான்ட்ரோ வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்ஸர் செய்ய ஆரம்பித்தது. 2007-ல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பி.எம்.டபிள்யூ. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். இவர்களைச் சுற்றி சீட்டு, கண்ணாடி, பிரேக், ஒயரிங் என்று பாகம் செய்யும் தொழிற்சாலைகள் வரிசை கட்டின. ஏரிக்கரையும் நெல்வயலுமாக இருந்த ஊர்களை இந்தியாவின் டெட்ராய்ட் என்று எழுத ஆரம்பித்தோம். நானும் எழுதியிருக்கிறேன்.

காருக்குள் கம்ப்யூட்டர் வந்தது. பெட்ரோல் எவ்வளவு பாய வேண்டும் என்பதை அது முடிவு செய்தது. எங்கே கோளாறு என்பதைத் தன் பாஷையில் ஒரு எண்ணாகக் குறித்துவைத்தது. புகை குறைந்தது, மைலேஜ் கூடியது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எண்ணைப் படிக்க ஒரு கருவி வேண்டும், அர்த்தம் புரிய ஒரு புத்தகம் வேண்டும், மாற்ற ஒரு பாகம் வேண்டும். மூன்றும் கம்பெனியின் பீரோவில் இருந்தன. சாவி டீலரிடம்.

★

2011 ஜனவரியில் ஒரு தனிமனிதர் டெல்லியில் இந்தியப் போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டினார். சுருக்கமாக சி.சி.ஐ. சந்தையில் போட்டியைக் கெடுப்பவர்களைத் தட்டிக்கேட்க 2002-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய அமைப்பு. ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் ஆகிய மூன்று கம்பெனிகளும் உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தருவதில்லை என்பது புகார். வழக்கு எண் 3/2011.

விசாரிக்கப் போன அதிகாரிகள், மூன்று பேர் மட்டுமில்லை, ஊரே இப்படித்தான் என்று கண்டார்கள். பட்டியல் பதினேழு கம்பெனிகளாக நீண்டது. மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் என்று அந்த ஒரே ரோட்டைப் பிடித்துப் போனால், பட்டியலில் ஐந்து பேரின் தொழிற்சாலைகளை அன்றைக்குப் பார்த்துவிட முடிந்தது.

விசாரணையில் வெளிவந்த முக்கியமான சங்கதி, பாகம் செய்யும் நிறுவனங்களுடன் போடப்பட்ட ஒப்பந்தங்கள். கார் கம்பெனிக்குத்தான் சப்ளை செய்யவேண்டும், அதன் அனுமதி இல்லாமல் வெளிச்சந்தையில் விற்கக்கூடாது. சுங்குவார்சத்திரத்து அண்ணன் ஸ்பானரை நீட்டிச் சொன்னது இதைத்தான். பாகம் அந்தத் தெருவிலேயே பிறக்கிறது. எங்கெங்கோ சுற்றி, அட்டைப்பெட்டியில் கம்பெனி முத்திரையோடு, சர்வீஸ் சென்டருக்கு மட்டும் வருகிறது. அதிகம் விற்கும் பாகங்களின் விலை, வாங்கிய விலைக்கு மேல் சராசரியாக 100 சதவிகிதம் அளவுக்கு ஏற்றப்பட்டிருந்ததாக ஆணையம் குறிப்பிட்டது.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? இரண்டு வாதங்களை வைத்தன. ஒன்று, பாதுகாப்பு. போலி பாகமும் அரைகுறை மெக்கானிக்கும் உயிருக்கு ஆபத்து. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. போலி பிரேக் பேட் விற்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இரண்டாவது வாதம் சுவாரசியமானது. 'கார் வாங்கும்போதே பின்னால் ஆகப்போகும் ரிப்பேர் செலவையும் கணக்குப் போட்டுத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். அதனால் போட்டி ஷோரூமிலேயே முடிந்துவிட்டது' என்றார்கள்.

நானும் பி.காம். படித்தவன்தான். கார் வாங்கியபோது நான் போட்ட கணக்கு இ.எம்.ஐ.யும் மைலேஜும் மட்டும். சென்சார் விலையை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆணையமும் அதையேதான் சொன்னது. அந்தக் கணக்கைப் போடத் தேவையான விவரம் வாடிக்கையாளரிடம் இல்லை. ஒரு கம்பெனியின் காரை வாங்கிவிட்டால், அந்த காரின் பாகத்துக்கு அந்த கம்பெனியே ஏக சக்ராதிபதி.

2014 ஆகஸ்ட் 25. தீர்ப்பு வந்தது. 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடியே 65 லட்சம் ரூபாய் அபராதம். மூன்று வருட சராசரி விற்றுமுதலில் 2 சதவிகிதம் என்று கணக்கு. டாடாவுக்கு மட்டும் 1,346 கோடி. மாருதிக்கு 471 கோடி. நிஸானுக்கு ஒரு கோடியே 63 லட்சம்.

பட்டியலில் ஹூண்டாய் இல்லையே என்று கேட்பீர்கள். புகாரில் பெயரில்லாத எங்களை எப்படி விசாரிக்கலாம் என்று அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. 2015 பிப்ரவரி 4 அன்று நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் மனுவைத் தள்ளுபடி செய்தார். அதே வருடம் ஜூலை 27-ல் ஆணையம் ஹூண்டாய்க்கு 420 கோடியே 26 லட்சம் அபராதம் போட்டது.

கோடிகளை விடுங்கள். அவை மேல்முறையீடுகளில் வருடக்கணக்காகச் சுற்றின. 2016 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் விஷயத்தில் குற்றம் குற்றமே என்று உறுதிசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நமக்கு முக்கியம், தீர்ப்பில் இருந்த உத்தரவுகள்தான். பாகம் செய்பவர்கள் வெளிச்சந்தையில் தடையின்றி விற்கலாம். கம்பெனிக்குக் காப்புரிமை இருந்தால் ராயல்டி வாங்கிக்கொள்ளலாம், விற்காதே என்று சொல்லக்கூடாது. சோதனைக் கருவிகள் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும். பாகங்களின் விலையைப் பொதுவில் வெளியிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியில் ரிப்பேர் பார்த்தாய் என்று ஒட்டுமொத்த வாரன்டியையும் ரத்து செய்யக்கூடாது. அந்த மெக்கானிக் செய்த தவறால் எது கெட்டதோ, அதற்கு மட்டும் மறுக்கலாம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-லேயே வாக்குச்சீட்டில் குத்தி இந்த உரிமையை வாங்கினார்கள். இங்கே மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'பழுது பார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

★

போன மாதம் சுங்குவார்சத்திரம் பக்கம் போயிருந்தேன். ஷெட் இருக்கிறது. அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு ஸ்கேனர். 'எல்லா வண்டியும் பேசாது சார். சிலது மட்டும் கம்பெனி மிஷின்கிட்டதான் வாயைத் திறக்கும்' என்று சிரித்தார். தீர்ப்புக்கும் ரோட்டுக்கும் இன்னும் கொஞ்சம் தூரம் பாக்கி.

ஆனால் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெரிய தொகை என்றால், நோயைக் கண்டுபிடித்ததற்கு உள்ள கூலியை மட்டும் கொடுத்துவிட்டு எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கம்ப்யூட்டர் காட்டிய எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரேக், ஸ்டியரிங் மாதிரி ஆபத்தான கோளாறு என்று சொன்னால் வண்டியை எடுக்காதீர்கள், இன்னொரு மெக்கானிக்கை அங்கே கூட்டி வாருங்கள். மற்றபடி அடுத்த ஷெட்டுக்குப் போங்கள். அவரும் அதையே சொன்னால், முதல் ஆளுக்கு ஒரு நன்றி சொல்லி அங்கேயே செய்துகொள்ளுங்கள். இரண்டாவது ஆள் சொல்வதுதான் உண்மை என்று எந்தச் சட்டமும் இல்லை. மாற்றிய பிறகு பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து.

2013-ல் அந்த மஞ்சள் விளக்குக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே? வேறு வழியில்லாமல் அதே ஏசி அறைக்குத் திரும்பிப் போனேன். 6,800 ரூபாய் கட்டி சென்சாரை மாற்றினேன். விளக்கு அணைந்தது. பழைய சென்சாரைக் கேட்கத் தோன்றவில்லை.

அது உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது.