எல்லை நடந்தவர்களும் செயற்கைக்கோளும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போனால், மரக்காணம் வருவதற்கு முன் கடப்பாக்கம். கைப்பேசி வரைபடத்தில் தேடினால் ஆலம்பரைக் கோட்டை வரும், தங்கும் விடுதி வரும். சேரியைத் தேடினால் பெயரில்லாத கூரைகள்தான் தெரியும். சூழலியல் வகுப்புகளுக்குள் கூகுள் எர்த்தும் ஜிபிஎஸ்ஸும் வந்துவிட்ட காலம் இது. வரவேற்போம். ஆனால் கையிலிருக்கும் கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் ஆட்கள் எங்கே நின்றார்கள் என்று தெரியாமல் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால், கழிமுகத்தின் அழகான படம் கிடைக்கும். அது யாருடைய கழிமுகம் என்ற கேள்வி மட்டும் வராது.

கடப்பாக்கம் இடைக்கழிநாடு பேரூராட்சியைச் சேர்ந்தது. பெயரே இடத்தைச் சொல்லிவிடுகிறது: கழிகளுக்கு இடையிலிருக்கும் நாடு. ஒருபுறம் கடல், மறுபுறம் ஓதியூர் காயலும் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். ஆற்றுப்படை என்றால் என்ன? பசித்த பாணர் குடும்பத்துக்கு, எந்த வழியில் போனால் எந்த ஊர் வரும், அங்கே என்ன சோறு கிடைக்கும் என்று சொல்வது. இந்த மண்ணில் வழிகாட்டும் இலக்கியம் வறியவனுக்காகத்தான் பாடப்பட்டது. பிற்காலத்தில் அந்தப் பாணர்களையே தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கினார்கள்.

வழி சொன்னவர்கள் போலவே எல்லை சொன்னவர்களும் இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வெள்ளை அதிகாரி வால்ஹவுஸ் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வழக்கத்தைப் பதிவு செய்தார். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுப்பிலும் அது இடம்பெற்றது. எல்லையில் தகராறு வந்தால் பறையரை அழைப்பார்கள். அவர் தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடந்து கோட்டைக் காட்டுவார். அவர் நடந்த கோடே எல்லை. ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத அதே சமூகம், நிலத்தின் எல்லையைச் சொல்ல அவரை நம்பியது. நம்பாமல் எப்படி? உழுதது அவர், மடை திறந்தது அவர், செத்த மாட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தது அவர். நிலம் அவர் காலில் இருந்தது. இன்று ஜிபிஎஸ் கருவியோடு ஒரு நிலத்தைச் சுற்றி வந்து தடம் பதிவதும் அதே நடைதான். குடத்துக்குப் பதில் கருவி.

இடையில் வந்தது சங்கிலி. 1767-இல் கம்பெனியார் இந்திய நில அளவைத் துறைக்கு அடித்தளம் போட்டார்கள். அதே ஆண்டு பார்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை அளக்கத் தொடங்கினார். 1802 ஏப்ரலில் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, பெரிய முக்கோண அளவையை இந்தக் கடற்கரையோரமாகவே தெற்கே கொண்டுபோனார். அவர்களுக்கு வேண்டியது வரியும் படைவழியும். அதன் பிறகு எல்லையைச் சொல்வது மனிதரின் வாயோ காலோ அல்ல, காகிதம். காகிதத்தில் பெயர் ஏறியவனுக்குத்தான் நிலம்.

செங்கல்பட்டில் அப்படிப் பெயர் ஏறியவர்கள் மிராசுதாரர்கள். தரிசு நிலத்துக்குக்கூட முதல் உரிமை அவர்களுக்குத்தான். பறையர் ஒருவர் தர்க்காஸ்து போட்டு நிலம் கேட்டால் மிராசுதார் குறுக்கே நிற்பார். குடியிருக்கும் குடிசை மனைகூடச் சொந்தமில்லை. இதையெல்லாம் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891 அறிக்கையில் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை 1010 பிறந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலம் அதன் வழி வந்ததுதான். பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் கையில் என்று உங்கள் ஊரிலேயே கேட்டுப் பாருங்கள்.

1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவு மேம்பாட்டுப் பணியில் எத்தனையோ சர்வே எண்கள் புதிதாயின. பழைய குறிப்புகள் பல புதிய ஏட்டுக்கு வரவில்லை. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். ஒரு பதிவேட்டு வரியின் விலை அது.

இனி கருவிக்கு வருவோம். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் பிள்ளை. பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்ததை 2000 மே மாதத்தில்தான் நிறுத்தினார்கள். கூகுள் எர்த் 2005-இல் வந்தது, இஸ்ரோவின் புவன் 2009-இல். நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்களில் முதலாவது 2013-இல் ஏறியது. கடற்கரையோர நில அளவைத் தாள்களோ வெகுகாலம் பூட்டிலேயே இருந்தன. 2021 பிப்ரவரியில் வந்த புதிய நெறிமுறைதான் பூட்டைப் பெருமளவு தளர்த்தியது. கம்பெனிக்கும் ராணுவத்துக்கும் மட்டும் தெரிந்த கோடு, சேரிப் பெண்ணின் கைப்பேசிக்கு வர 250 ஆண்டுகள் ஆயின.

வந்ததை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு வடக்கே பாடம் இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் தகவல் உரிமைச் சட்டத்தில் 1996-ஆம் ஆண்டின் கடலோர மண்டல வரைபடத்தைப் பெற்றார்கள். அதில் தண்ணீராக இருந்த இடம் பின்னாளில் காட்டப்பட்ட வரைபடத்தில் காணாமல் போயிருந்ததை எடுத்துக்காட்டினார்கள். கடலோரக் குப்பங்கள் சிலவற்றில் மீனவ இளைஞர்களே ஜிபிஎஸ் கொண்டு வலை காயும் இடம், படகு நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் குறித்தார்கள். இதே செய்யூர் வட்டத்தில் 4,000 மெகாவாட் அனல்மின் திட்டம் அறிவிக்கப்பட்டபோதும், காயலும் ஏரியும் பறவைகளும் காகிதத்தில் எப்படிக் காட்டப்பட்டன என்பது பெரிய சர்ச்சையானது. அந்த ஆலை இன்றுவரை எழும்பவில்லை.

கடப்பாக்கத்துப் பிள்ளைகள் செய்ய வேண்டிய முதல் வேலை கணினியில் இல்லை. நில அளவைத் துறையின் இணைய சேவையில் புலப்படமும் அ-பதிவேடும் கிடைக்கின்றன. தங்கள் தெருவைச் சுற்றியுள்ள சர்வே எண்களுக்கு அவற்றை எடுக்கட்டும். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெற்று, பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். மேய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் பாதை என்ற சொற்கள் எந்த எண்ணோடு இருக்கின்றன, எந்த எண்ணிலிருந்து விழுந்துவிட்டன என்று பார்க்கட்டும். அப்புறம் நடக்கட்டும். கூடவே அந்த நிலத்தில் நாற்று நட்ட, நண்டு பிடித்த, உப்பு வாரிய பாட்டிமார் ஒருவராவது வர வேண்டும். எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்தது, எந்தக் கிணறு எந்த ஆண்டிலிருந்து உப்பாகிவிட்டது என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். நடந்த தடத்தையும் சொன்ன கதையையும் கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் புலப்படத்தின் மேல் ஏற்றினால், சூழலியல் பாடமும் நில உரிமைப் பாடமும் ஒரே தாளில் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். திறந்த வெளியில்கூடக் கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். மூன்று சென்ட் வீட்டுமனையில் சில மீட்டர் என்பது ஒரு குடும்பத்தின் சமையற்கட்டு. அதை வைத்துக்கொண்டு வழக்குக்குப் போகாதீர்கள். ஆக்கிரமிப்பு தெரிந்தால் முறைப்படி நில அளவை விண்ணப்பம் போடுங்கள், சர்வேயர் அளக்கட்டும். உங்கள் படம் அவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்க உதவும். இன்னொன்று, தகராறில் இருக்கும் நிலத்தின் இருப்பிடத்தையும் அங்கே குடியிருப்பவர் பெயரையும் பொதுவெளியில் போடாதீர்கள். பறவைகள் கூடு கட்டும் இடத்துக்கும் இதே விதிதான். வேட்டைக்காரனுக்கும் ரியல் எஸ்டேட்காரனுக்கும் அதே இணையம்தான்.

ஒரே முறை நடந்து நிறுத்திவிட வேண்டாம். ஓதியூர் காயலின் கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. மார்கழியில் ஒரு தடம் எடுங்கள், சித்திரை வெயிலில் இன்னொன்று எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு பட்டை விழும். பாதி ஆண்டு தண்ணீர், பாதி ஆண்டு தரை. ஆடு மேய்வதும் நண்டு பிடிப்பதும் அங்கேதான். வறண்ட மாதத்தில் எடுத்த படத்தை மட்டும் காட்டி, காலியிடம் என்று சொல்லி வேலி போட வருபவர் கண்வைப்பதும் அந்தப் பட்டையில்தான். அதன் சர்வே எண்களை முதலில் எழுதி வையுங்கள்.