பாட்டி இடித்த ஆவாரம் பட்டை

மலருக்கு நம்ம ஊர்த் தொழில் வரலாறு ஒன்று எழுதித் தா என்று தலைவி அக்கா கேட்டாங்க. தீப்பெட்டியை எழுதலாமா, பருத்தியை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்க வீட்டுத் தொழிலை எழுதக் கூச்சமாக இருந்தது. எங்க தாத்தா தோல் தைத்தவர்.

மோட்டார் வருவதற்கு முன்னால் கரிசல் காட்டுக் கிணறுகளில் கமலைதான். இரும்புக் கூனைக்கு அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி தொங்குவது தோல் வால். அது கிழிந்தால் தண்ணீர் மேலே வராது, பயிர் வாடிப்போகும். அதைத் தோல்வாரால் தைத்துக் கொடுத்தவர் தாத்தா. கூலி காசு இல்லை. அறுவடை சமயம் களத்தில் தானியம் அளப்பாங்க.

தைத்தது தாத்தா என்றாலும், தோலைப் பதம் பண்ணியதில் பாதிக்கு மேல் பாட்டி. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில் ஊறப்போட்டு, முடியை வழித்து, சுண்ணாம்பு போக அலசணும். அப்புறம் ஆவாரம் பட்டை. செடி வெட்டி, பட்டை உரித்து, காயவைத்து, உரலில் இடிப்பது எல்லாம் பாட்டிதான். முதலில் நீர்த்த சாறு, பிறகு கெட்டிச் சாறு என்று மாற்றி மாற்றி ஊறவைக்கணும். எடுத்த எடுப்பில் கெட்டியாக ஊற்றினால் மேலே இறுகிப்போய் நடுவில் பச்சையாகவே நிற்குமாம். கடைசியில் கடுக்காய். இப்படி வாரக்கணக்கில் ஆகும். பாட்டி கை நகமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும்.

இதே ஆவாரம் பட்டைத் தோல்தான் சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போனது. 1903 வாக்கில் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னையில் குரோம் உப்பால் பதனிடுவதைத் தொடங்கினார். அதில் வேலை சீக்கிரம் முடியும். 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தொழிற்சாலைகள் பெருகி, பாலாறு கெட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. அதற்காகப் பழைய முறை மணத்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பாட்டியின் தொட்டிப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் போக முடியாது.

இன்னொன்றும் எழுதத்தான் வேணும். தாத்தா தைத்த புதுச் செருப்பைக் கொடுக்க ஊருக்குள் போகும்போது, தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பாராம். பாட்டி இதைச் சொல்லும்போது அழ மாட்டா. வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருவா.

போன மாதக் கூட்டத்தில் இதைத் தயங்கித் தயங்கி வாசித்தேன். மேலத்தெரு அக்கா ஒருத்தி எதுவும் பேசாமல் எழுந்து போனாங்க. எனக்கு மனசு திக்கென்றது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாங்க. அவங்க மாமனாரின் பழைய தோல் செருப்பு, விறைத்துக் கட்டையாக இருந்தது. “உங்க தாத்தா தைச்சதுதான். வெயில்ல போடலாமா?” என்று கேட்டாங்க. வெயில் கூடாது, வெடிக்கும் என்றேன். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெயைக் கொஞ்சமாகத் தேய்த்து ஒரு ராத்திரி விடணும். திண்ணையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாகத் தேய்த்தோம்.