காமன் ஊன்றிய மண்

ஒரு மக்கட் கூட்டம் தான் பிறந்த மண்ணைவிட்டுப் பெயரும்போது, வீட்டையும் வயலையும் உடன்கொண்டு செல்லுதல் இயலாது. பாட்டும் கூத்துமோ நெஞ்சிலும் காலிலும் தங்கிக் கடல் கடந்தும் உடன் வருவன. இலங்கை மலையகத்தில் ஆடப்பெறும் காமன் கூத்து இதற்குத் தக்க சான்றாகும்.

1820ஆம் ஆண்டுகளில் கண்டி மலைப்பகுதிகளிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிற்று. வறுமையும் கடனும் உந்தத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் புறப்பட்டனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே 100 மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 'கண்டிச் சீமை' என்னும் சொல் அவர்தம் நாட்டுப்பாடல்களில் ஆசையும் அச்சமும் கலந்து ஒலிப்பது இதனாலேயே.

கோப்பிக் காலத்திற் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆதலின் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. குலதெய்வமும் திருவிழாவும் மலைமீது குடியேறின. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களும் தோட்டங்களில் ஆடப்பெற்றன. ஆயினும், தோட்டத்து மக்கள் அனைவரையும் ஒருங்கு திரட்டிய பெருமை காமன் கூத்துக்கே உரியது.

மாசி மாதத்து அமாவாசை கழித்து மூன்றாம் பிறை தோன்றுங்கால், தோட்டத்துத் திடலிற் காமன் கம்பம் ஊன்றப்படும். வேடம் புனைவோர் விரதம் காப்பர். தவத்தில் ஆழ்ந்த சிவனை எழுப்புமாறு இந்திரன் ஓலை விடுக்கின்றான். தீங்கு நேருமென அஞ்சிய இரதி தடுக்கின்றாள். மன்மதன் கேளாது சென்று, நெற்றிக் கண்ணின் நெருப்பில் எரிகின்றான். இரதி புலம்புகின்றாள். பின்னர் அவன் உயிர் எழுப்பப்படுகின்றான்.

தஞ்சைப் பகுதியில் இக்கதை, மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியினர் வாதிடும் லாவணிப் பாட்டாக வளர்ந்தது. மலையகத்தில் அது இரவு முழுதும் ஆடும் கூத்தாக வேரூன்றிற்று. மேலோரின் கட்டளைக்குப் பணிந்து புறப்பட்டவன் மீளாமையும், பின்னின்றவளின் ஒப்பாரியும் லயத்து மக்களுக்குப் புதியன அல்ல. தம் பாட்டன் பாட்டியர் பட்ட துயரத்தையே அவர்கள் இரதியின் குரலிற் கேட்டனர் எனலாம்.

இக்கூத்தின் உயிர்நாடி தப்பு என்னும் தோற்கருவி. வைகறையில் உழைப்பாளரைப் பெரட்டுக்கு அழைத்ததும் இத்தப்பின் ஒலியே. துரையின் ஆணையைப் பகலுக்கு முன்பு முழங்கிய அதே கருவி, மாசி இரவுகளில் அம்மக்களின் விருப்பத்துக்கு முழங்கிற்று. நாள் முழுதும் பிறர்க்கு உழைத்த கால்கள் அவ்விரவுகளில் தமக்காக ஆடின.

அவர்கள் வியர்வை சிந்திய மண்ணில் ஒரு சாண் நிலமும் அவர்களுக்கு உரிமையாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. இம்மண்ணிற் பிறந்து வளர்ந்தோரும், முன்னர்க் கண்டறியாத 'சொந்த ஊர்' நோக்கிக் கப்பலேறினர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை அளித்தது.

ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் இம்மக்கள் எந்நாட்டார் என்று அரசுகள் வழக்காடின. அக்காலத்தும் மாசிதோறும் திடலிற் கம்பம் ஊன்றப்பட்டது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த கதையை இம்மண்ணில் நட்டு, இங்குள்ள மழையிலும் பனியிலும் அவர்கள் வளர்த்தனர். அவர்கள் எவ்வூரார் என்னும் வினாவுக்கு அதனினும் தெளிவான விடை வேறில்லை. அக்கூத்தின் பாட்டுக்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் அருகி வருகின்றனர். அவர்கள் வாய்மொழியை இன்றே பதிந்து பேணுதல் அடுத்த தலைமுறைக்கு நாம் ஆற்றவேண்டிய கடனாகும்.