பல் பிடுங்கும்போது டாக்டர் பக்கத்தில் நிற்பவரின் வேலை என்ன? ட்ரேயில் இருக்கும் கருவிகள் எதற்கு? - முழு விளக்கம்

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்... எந்த ஊர் பல் கிளினிக்குக்குப் போனாலும் பெயர் எழுதுவது, சேரில் உட்கார வைப்பது, சிகிச்சையின்போது வாயில் சக்ஷன் குழாயைப் பிடிப்பது எல்லாம் பெரும்பாலும் ஒருவராகத்தான் இருப்பார். அவர்தான் டென்டல் அசிஸ்டென்ட். 'டாக்டருக்கு எடுபிடியா நிக்கிறாங்க' என்று பலரும் நினைப்பதுண்டு. ஆனால் கருவியைக் கழுவுவது, கொதிக்கும் நீராவியில் வைப்பது, சலைன் பாட்டிலைத் திறப்பது எல்லாம் அவர் கை வழியாகத்தான் நடக்கிறது. அதில் ஒரு சின்னத் தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

வாணியம்பாடியில் என்ன நடந்தது?

2022-23-ல் திருப்பத்தூர் மாவட்டத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் சிலருக்கு காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குளறல், முகம் ஒரு பக்கம் இழுப்பது போன்ற அறிகுறிகள் வந்தன. வேலூர் சிஎம்சி மருத்துவமனை டாக்டர்களும் சுகாதாரத் துறையினரும் விசாரித்ததில், மூளையைத் தாக்கும் நியூரோமெலியாய்டோசிஸ் என்ற அரிய பாக்டீரியா தொற்று என்று தெரியவந்தது. மொத்தம் 21 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். அதில் 10 பேர் வாணியம்பாடியில் உள்ள ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் உயிரிழந்தனர்.

2025-ல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வு, கிளினிக்கில் பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலை நோக்கித்தான் விரல் நீட்டியது. ஈறைப் பிரிக்கப் பயன்படும் 'பெரியோஸ்டீல் எலிவேட்டர்' என்ற கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, பஞ்சை வைத்து லேசாக மூடி, அதே பாட்டிலை மறுபடியும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

சலைன் என்பது 0.9 சதவீத உப்பு நீர். அதாவது ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அதில் கிடையாது. சீல் உடைக்காத வரை சுத்தம். உடைத்துவிட்டால் அதுவும் சாதாரண தண்ணீர் மாதிரிதான். இந்த நோயைத் தரும் பாக்டீரியா ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழக்கூடியது. வெட்டுப்பட்ட ஈறு அதற்குத் திறந்த கதவு.

ட்ரேயில் என்னென்ன இருக்கும்?

ஞானப்பல் எடுப்பது போன்ற சிறு அறுவை சிகிச்சைக்கு, கருவிகளைப் பயன்படுத்தும் வரிசையிலேயே அசிஸ்டென்ட் அடுக்கி வைப்பார்.

* மவுத் மிரர், புரோப், ட்வீசர்: முதலில் பார்த்து உறுதி செய்ய.
* சிரிஞ்ச்: மரத்துப்போகும் ஊசிக்கு. இங்கே வழக்கமாகப் போடுவது 2 சதவீத லிக்னோகெய்னுடன் அட்ரினலின் சேர்ந்த மருந்து. அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கும், அதனால் ரத்தப்போக்கு குறையும்.
* 15-ஆம் நம்பர் பிளேடு: ஈறில் கீறல் போட. கையால் மாட்டக் கூடாது. நீடில் ஹோல்டரால் பிடித்துத்தான் கைப்பிடியில் மாட்ட வேண்டும்.
* பெரியோஸ்டீல் எலிவேட்டர்: ஈறையும் எலும்பை ஒட்டிய சவ்வையும் கிழியாமல் தூக்க. பாட்டில் திறக்க அல்ல.
* ரிட்ராக்டர்: கன்னத்தையும் பிரித்த ஈறையும் ஒதுக்கிப் பிடிக்க.
* எலிவேட்டர்: பெயர் ஒன்றுதான், வேலை வேறு. இது பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் நுழைத்து பல்லைத் தளர்த்துவது. உடைந்து தங்கிய வேரை எடுக்க க்ரையர் எலிவேட்டர்.
* ஃபோர்செப்ஸ்: தளர்ந்த பல்லைப் பிடித்து எடுக்கும் இடுக்கி.
* க்யூரெட், போன் ஃபைல்: பல் இருந்த குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய, எலும்பின் கூர்மையை ராவ.
* நீடில் ஹோல்டர், கத்தரி, 3-0 சில்க் நூல்: தையலுக்கு.

இடுக்கியில் ஏன் இத்தனை வகை?

மேல் கடைவாய்ப் பல்லுக்கு பொதுவாக மூன்று வேர்கள். கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. கன்னத்துப் பக்க வேர்கள் இரண்டுக்கும் நடுவில் பொருந்த இடுக்கியின் ஒரு அலகு கூராக இருக்கும். அதனால் மேலே வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என தனித்தனி இடுக்கி தேவை. கீழ்த்தாடைக்கு அந்தச் சிக்கல் இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர், ஒரே இடுக்கி இரு பக்கமும் பொருந்தும். கைப்பிடிக்கு அலகு செங்குத்தாக வளைந்திருந்தால் அது கீழ்த்தாடை இடுக்கி. புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் அடையாளம் வைத்துக்கொள்ள இதுவே எளிது.

சிகிச்சை நடக்கும்போது அசிஸ்டென்ட் என்ன செய்வார்?

1. சுகர், பிரஷர், இதயப் பிரச்னை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து அலர்ஜி உண்டா என்று கேட்டு டாக்டரிடம் சொல்வார்.
2. எந்தப் பல் என்பதை எக்ஸ்ரேயுடன் சரிபார்ப்பார். கீழ் வலது ஞானப்பல்லின் எண் 48, கீழ் இடது 38. வலது, இடது என்பது நோயாளியின் வலது, இடது. எதிரில் நிற்பவருக்கு மாறித் தெரியும் என்பதால் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்வது நல்லது.
3. டாக்டர் கீறல் போட்டதும் சக்ஷன் பிடிப்பார். குழாய் முனை காயத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். டாக்டரின் பார்வையை மறைக்கக் கூடாது.
4. எலும்பை பர் வைத்து வெட்டும்போது விடாமல் சலைன் ஊற்றுவார். எலும்பு 47 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே சேதம் ஆகலாம். சலைன் முக்கியமாவது இங்கேதான். இதற்கு சேரின் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது, அது கிருமி நீக்கப்பட்ட நீர் அல்ல.
5. தையல் முடிந்ததும் பஞ்சுத் துணிகளையும் ஊசிகளையும் எண்ணிப் பார்ப்பார்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு!

'ஸ்பிரிட்ல தொடச்சாச்சு', 'கொதிக்க வெச்சாச்சு' என்பதெல்லாம் அறுவை சிகிச்சைக் கருவிக்குப் போதாது. ஈறையும் எலும்பையும் தொடும் கருவி ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஆட்டோகிளேவ் செய்யப்பட வேண்டும். தடிமனான கையுறை போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, ரத்தக் கறை போகக் கழுவி, உலர்த்தி, பவுச்சில் போட்டு சீல் வைக்க வேண்டும். ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தால் அதன் அடியில் நீராவி போகாது.

சாதாரண ஆட்டோகிளேவில் பவுச் போட்ட கருவிகளுக்கு 121 டிகிரி செல்சியஸ், 15 பிஎஸ்ஐ அழுத்தம், 30 நிமிடம் என்பது பாதுகாப்பான அளவு. கருவிகளைத் திணித்து வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. பவுச்சில் உள்ள பட்டை நிறம் மாறுவது, சூடு பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. கிருமி செத்ததா என்று அறிய, வாரம் ஒருமுறை உயிருள்ள ஸ்போர் வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு.

குப்பையிலும் கவனம் வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சள் பையில், கையுறையும் பிளாஸ்டிக்கும் சிவப்புப் பையில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும்.

அசிஸ்டென்ட்டுக்கே ஆபத்து வந்தால்?

ஊசி குத்துவது இந்த வேலையில் எப்போதும் இருக்கும் பயம். ஊசி மூடியை இரண்டு கையால் மாட்டக் கூடாது. மூடியை ட்ரேயில் வைத்து ஒரே கையால் ஊசியை உள்ளே நுழைக்க வேண்டும். குத்திவிட்டால் அழுத்திப் பிதுக்காமல், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 'சொன்னா திட்டுவாங்க' என்று மறைப்பதுதான் பெரிய ஆபத்து. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 3 டோஸும் வேலையில் சேரும்போதே போட்டிருக்க வேண்டும்.

1948 பல் மருத்துவர்கள் சட்டம் டென்டல் ஹைஜீனிஸ்ட்டுக்கும் டென்டல் மெக்கானிக்கிற்கும் தனிப் பதிவேடு வைத்தது. அசிஸ்டென்ட்டுக்கு அப்படி ஒன்று வைக்கவில்லை. அதனால் பலர் பார்த்துப் பழகித்தான் இந்த வேலையைக் கற்கிறார்கள். அவர்களுக்கு முறையாகச் சொல்லித் தருவது டாக்டரின் பொறுப்பு. தவறு நடந்தால் அசிஸ்டென்ட் மேல் மட்டும் பழி போட முடியாது.

நோயாளிகள் என்ன கவனிக்கலாம்?

* கருவிப் பவுச்சை உங்கள் முன்னால் பிரிக்கிறார்களா?
* ஊசியும் பிளேடும் புதிதா?
* சலைன் பாட்டில் உங்களுக்காகத் திறக்கப்பட்டதா, ஏற்கெனவே பாதி காலியாக இருந்ததா?
* கையுறை மாற்றினார்களா? அதே கையுறையோடு போன் எடுக்கிறார்களா?

கேட்பதில் தவறே இல்லை. நல்ல கிளினிக்கில் கோபப்பட மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சை 30 முதல் 45 நிமிடம் கடித்துப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு வாய் கொப்பளிக்க, எச்சில் துப்ப, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் வலி கடுமையாகும். வெற்றிலை, புகையிலை, பீடி, சிகரெட் பழக்கம் இருப்பவர்கள் ஆறும்வரை கட்டாயம் நிறுத்த வேண்டும். விடியற்காலை ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் மறுநாள் ஒரு நாளாவது குனிந்து நிமிரும் வேலையையும் சுமை தூக்குவதையும் தவிர்ப்பது நல்லது.

இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சல், கழுத்து வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், பேச்சுக் குளறல் வந்தாலோ மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். மூச்சுவிடச் சிரமம் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மற்றபடி பல் எடுத்த டாக்டரிடமோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். எப்போது, எந்தக் கிளினிக்கில் பல் எடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். வாணியம்பாடியில் பாதிக்கப்பட்டவர்களை ஒரே கண்ணியில் இணைத்தது அந்தத் தகவல்தான்.