இலங்கையின் அரை மணி நேரமும் கணினியும்

1996இல் இலங்கையில் மழை பொய்த்தது. நீர்மின் நிலையங்களைப் பெரிதும் நம்பியிருந்த நாட்டில் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு. பகல் வெளிச்சத்தைச் சேமித்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று அரசு மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. கிரீன்விச்சை விட ஐந்தரை மணி முந்தியிருந்த நாடு ஆறரைக்குப் போனது. அக்டோபர் 26 அன்று அதை ஆறாகக் குறைத்தார்கள். ஏறத்தாழ பத்தாண்டு அப்படியே ஓடி, 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் ஐந்தரை!

இதில் கணினிக்கு என்ன சிக்கல்? மே 25 அன்று நள்ளிரவு 12 ஆனதும் கடிகாரம் 1க்குத் தாவியது. 12.30 என்ற நேரமே அன்றிரவு கிடையாது. அக்டோபர் 26 அன்றோ 12.30 ஆனதும் மறுபடி 12 ஆக்கினார்கள், 12.15 இரண்டு முறை வந்தது. வெறுமனே 12.15 என்று பதிந்து வைத்த மென்பொருளுக்கு எந்த 12.15 என்று தெரியாது. நடந்து முடிந்தவற்றை உலகப் பொது நேரத்தில் (யூடிசி) பதிவது இதற்காகத்தான்.

ஆனால் 'எல்லாவற்றையும் யூடிசியில் போடு' என்பது பாதிப் பாடம்தான். 2006 மார்ச்சில் ஒருவர், மே 2 காலை 9 மணிக்குக் கொழும்பில் கூட்டம் என்று குறித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் ஆறு மணியைக் கழித்து, யூடிசி 3.00 என்று சேமிக்கும். ஏப்ரலில் அரசு நேரத்தை மாற்றியதும் அதே பதிவு 8.30 என்று காட்டும். கூட்டமோ 9 மணிக்குத்தான்! வரப்போகும் நிகழ்ச்சிக்கு உள்ளூர் நேரத்தையும் ஊர்ப் பெயரையும் சேமிக்க வேண்டும். கணக்கைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

எந்த ஊரில் எப்போது என்ன நேரம் என்று சொல்வது, ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய ஓர் அட்டவணை. லினக்சும் ஆண்ட்ராய்டும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. இலங்கையின் மூன்று மாற்றங்களும் அதில் 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே பெயரின் கீழ் பத்திரமாக உள்ளன.

அந்த ஒரே பெயர்தான் உதைக்கிறது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை; அங்கே பழைய ஐந்தரைதான். 2003இல் கிளிநொச்சியில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, அங்கத்தைய கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த நேரத்தைக் கொடுத்துச் சாதகம் கணித்தால், மென்பொருள் கொழும்பின் ஆறு மணியைக் கழித்துவிடும். அரை மணி பிழை. லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவது. விளிம்பில் பிறந்த பிள்ளைக்கு லக்கினமே வேறாகிவிடும். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, +5.30 என்று கையால் கொடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும்.