மெல்லாட்டத்தின் எடை: வர்ஜீனியா அணியின் 2018–19 பருவம் குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரும்போட்டியான என்.சி.ஏ.ஏ. ஆடவர் போட்டியில் 68 அணிகள் நான்கு மண்டலங்களாக நிற்கின்றன. ஒவ்வொரு மண்டலத்திலும் 1 முதல் 16 வரை தரவரிசை உண்டு. முதலிடத்து அணி முதலில் பதினாறாம் இடத்து அணியைச் சந்திக்கும். தோற்ற அணிக்கு மறுவாய்ப்பு இல்லை. 2018 மார்ச் 16க்கு முன் நடந்த இத்தகைய 135 ஆட்டங்களிலும் முதலிடத்து அணியே வென்றிருந்தது. அன்று சார்லட் நகரில், எல்லா அணிகளுக்கும் மேலாக வரிசைப்படுத்தப்பட்டிருந்த வர்ஜீனியா, மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணியிடம் 54–74 எனத் தோற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 8 அன்று, அதே பயிற்சியாளர் டோனி பென்னட்டின் கீழ், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களுடன், மினியாபொலிஸில் வர்ஜீனியா தன் முதல் பட்டத்தை வென்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் வீழ்ச்சி, எழுச்சி என்று இணைத்துப் பேசுவதே வழக்கம். அதில் உண்மை உண்டு; ஆனால் அது விளக்கமாகாது. தோல்விக்கு இடம் கொடுத்த ஆட்டமுறையே வெற்றியிலும் இருந்தது என்பது நாம் இங்கே நிறுவ முயலும் கருத்து. ஆட்டக்காரர்களின் மனநிலை பற்றிய ஆய்வு இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.

2. வரையறைகள்

பந்துமுறை: ஓர் அணி பந்தைக் கைக்கொண்ட கணம் முதல் அதை எதிரணியிடம் இழக்கும் கணம் வரையிலான பகுதி. கூடையில் புள்ளி எடுத்தாலும், பந்து பறிபோனாலும் பந்துமுறை முடிந்துவிடும். எறிந்த பந்து கூடையில் பட்டுத் திரும்பி அதே அணியின் கைக்கே வந்தால் பந்துமுறை முடியவில்லை, நீள்கிறது. இந்த நுட்பம் பின்னர் தேவைப்படும்.

மெல்லாட்டம்: ஓர் ஆட்டத்தில் பந்துமுறைகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஆடும் முறை. கல்லூரி விதிப்படி பந்து கிடைத்த 30 வினாடிக்குள் எறிய வேண்டும். வர்ஜீனியா பெரும்பாலும் அக்காலத்தின் கடைசிப் பகுதி வரை காத்து, நல்ல எறிக்கு வழி தேடியது. முதல் நிலைப் பிரிவின் 350க்கும் மேற்பட்ட அணிகளுள் அதைப்போல் நிதானமாக ஆடிய அணி அரிது.

உட்கோட்டுத் தடுப்பு: கூடையிலிருந்து ஏறத்தாழ 16 அடி தொலைவில் ஒரு வளைகோட்டை மனத்தில் வரைந்துகொண்டு, பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்க, மற்ற நால்வரும் அக்கோட்டுக்குள் திரண்டு நிற்பது. பந்தோடு உள்ளே புக வழியிராது. எதிரணி தொலைவிலிருந்தே எறிய நேரும். இதை வகுத்தவர் டோனி பென்னட்டின் தந்தை டிக் பென்னட்; 2000ஆம் ஆண்டில் விஸ்கான்சினை இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக்கியவர். நாம் ஆராயும் 2018–19 பருவத்தில் மூன்றுபுள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. ஆகவே இத்தடுப்பு எதிரணிக்கு விட்டுவைப்பது மூன்றுபுள்ளி எறி ஒன்றையே.

3. தோல்வியின் காரணங்கள்

காரணங்களை அமைப்புக் காரணம், உடன்நேர் காரணம் என இரண்டாகப் பகுக்கிறோம்.

அமைப்புக் காரணம் கணக்கிலிருந்து பிறப்பது. வலிய அணிக்கு ஒவ்வொரு பந்துமுறையிலும் ஒரு சிறு மேம்பாடு உண்டு என்க. பந்துமுறைகள் நான்கு மடங்கானால் மொத்த மேம்பாடும் நான்கு மடங்காகும். தற்செயலால் விளையும் சிதறலோ இரு மடங்கே ஆகும். எனவே ஆட்டம் நீள நீள வலியவர் பக்கம் உறுதி கூடும். சுருங்கச் சுருங்க எளியவர்க்கு இடம் பெருகும். மெல்லாட்டம் ஆடும் வலிய அணி, தன் மேம்பாட்டைக் காட்டும் வாய்ப்புகளைத் தானே குறைத்துக்கொள்கிறது. அன்றைய இடைவேளைப் புள்ளி 21–21. இது தற்செயலுக்குத் திறந்து வைத்த கதவு.

இரண்டாம் பாதியில் எதிரணி 53 புள்ளிகள் குவித்ததை இக்கணக்கு மட்டும் விளக்காது. உள்ளே திரண்ட தடுப்பு விட்டுவைத்த மூன்றுபுள்ளி எறிகளில் எதிரணி 24க்கு 12ஐக் கூடையில் இட்டது. வர்ஜீனியா 22க்கு 4. பின்தங்கிய மெல்லாட்ட அணி தனக்குப் பழக்கமில்லாத விரைவை மேற்கொண்டாக வேண்டும். அந்த விரைவில் எறிகள் இன்னும் தவறின. இவற்றோடு, அணியின் நெடிய, பல்திறத் தடுப்பாளர் டியான்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு முறிவால் அன்று ஆடவில்லை. இவை உடன்நேர் காரணங்கள்.

4. பருவத்தின் கட்டங்கள்

முதற்கட்டம் திருத்தம். பென்னட் மெல்லாட்டத்தைக் கைவிடவில்லை, உட்கோட்டையும் அழிக்கவில்லை. தாக்குதலில் மட்டும் பந்து வைத்திருப்பவரின் தடுப்பாளரை வழிமறித்து அவருக்குத் தொடர்ந்து மறைப்புத் தரும் ஓர் அமைப்பைச் சேர்த்தார். இதனால் டை ஜெரோம், கைல் கை ஆகியோர் பந்தோடு தாமே முடிவெடுக்கும் தருணங்கள் பெருகின. 5 அடி 9 அங்குல உயரமுள்ள முதலாண்டு மாணவர் கிஹேய் கிளார்க் பந்து நகர்த்தும் சுமையில் பங்கேற்றார். ஹண்டர் நலமுடன் திரும்பினார். அடிப்படையை மாற்றாமல் விளிம்பைச் செப்பனிட்ட இந்த முடிவை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஊரெல்லாம் ஏசிய முறையை மறு ஆண்டும் ஆடுவதற்குத் தெளிவு வேண்டும்.

இரண்டாங்கட்டமான வழக்கப் பருவத்தை விரைந்து கடக்கலாம். 30 ஆட்டங்களில் தோல்வி இரண்டே. இரண்டும் டியூக் அணியிடம். தன் கூட்டமைப்பின் போட்டியில் புளோரிடா ஸ்டேட்டிடம் இன்னொன்று.

மூன்றாங்கட்டம் பெரும்போட்டி. முதல் எதிரி மீண்டும் ஒரு பதினாறாம் இடத்து அணி, கார்ட்னர்-வெப். முதற்பாதியில் வர்ஜீனியா 14 புள்ளிகள் பின்தங்கியது. அமைப்புக் காரணம் அப்படியே நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இம்முறை ஹண்டர் இருந்தார். ஆட்டம் 71–56 என முடிந்தது. பின் ஓக்லஹோமாவை 63–51, ஓரிகனை 53–49 என வென்று அணி எஞ்சிய எட்டில் ஒன்றானது.

5. மூன்று இறுதிப் பந்துமுறைகள்

அடுத்த மூன்று ஆட்டங்களிலும் கடைசி 15 வினாடிக்குள் வர்ஜீனியா பின்தங்கியே இருந்தது.

பர்டூவுக்கு எதிராக: அவ்வணியின் கார்சன் எட்வர்ட்ஸ் ஒருவரே 42 புள்ளிகள் எடுத்தார், அவற்றுள் பத்து எறிகள் மூன்றுபுள்ளிக் கோட்டுக்கு அப்பாலிருந்து. 5.9 வினாடி எஞ்ச, 67–70 என்ற நிலையில் எதிரணியின் குற்றத்துக்காக ஜெரோமுக்கு ஒவ்வொரு புள்ளி மதிப்புள்ள இரண்டு தனி எறிகள். முதலாவது விழுந்தது, இரண்டாவது தவறியது. வர்ஜீனியாவின் மமாடி டியாகிடே எம்பி அப்பந்தைத் தட்டிவிட, அது நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னே ஓடியது. கிளார்க் துரத்திப் பிடித்து, நிமிர்ந்து பார்த்து, அருகில் நின்றவரை விட்டு, தொலைவில் கூடைக்கு அண்மையில் நின்ற டியாகிடேவுக்கே நெடும்பந்து அனுப்பினார். மணி ஒலிக்குமுன் டியாகிடேவின் கை பந்தை விட்டிருந்தது. 70–70. கூடுதல் நேரத்தில் 80–75. நாம் வரையறுத்தபடி இது நீண்ட ஒரே பந்துமுறை.

ஆபர்னுக்கு எதிராக: 60–62. கடைசி வினாடிகளில் காலில் பட்டு விலகிய பந்தை இரு கையாலும் பற்றிய ஜெரோம், அதை மீண்டும் தட்டத் தொடங்கினார். விதிப்படி அது குற்றம், நடுவர் ஊதவில்லை. பின்னர் மூலையிலிருந்து எறிந்த கைல் கையின் மீது எதிரணி மோத, 0.6 வினாடி எஞ்ச மூன்று தனி எறிகள் கிடைத்தன. மூன்றும் விழுந்தன. 63–62. இந்த வெற்றியில் நடுவரின் பிழைக்குப் பங்குண்டு என்று எழுதுவது அணிக்கு இழுக்காகாது; ஆய்வாளன் அதை மறைப்பதே இழுக்கு.

டெக்சாஸ் டெக்குக்கு எதிரான இறுதியில்: 65–68, எஞ்சியது சுமார் 13 வினாடி. உள்ளே புகுந்த ஜெரோம் மூலைக்குத் தந்த பந்தை ஹண்டர் மூன்றுபுள்ளியாக்கினார். கூடுதல் நேரத்தில் கிடைத்த 12 தனி எறிகளையும் வர்ஜீனியா தவறவிடவில்லை. 85–77. ஹண்டருக்கு 27 புள்ளிகள்.

மூன்றிலும் பொதுவான கூறு ஒன்று. சுருங்கிய ஆட்டத்தில் ஒவ்வொரு பந்துமுறையின் எடையும் கூடுகிறது. பருவம் முழுவதும் அந்த எடையைத் தாங்கிப் பழகியவர்கள் இவர்கள். 2018இல் எதிரணிக்கு இடம் தந்த அதே சிதறல், 2019இல் மூன்று முறை இவர்களை விளிம்புக்குக் கொண்டுசென்றது. மூன்று முறையும் திறனும் நற்பேறும் சேர்ந்து மீட்டன. எது எவ்வளவு என்று மூன்று ஆட்டங்களைக்கொண்டு பிரித்துரைக்க இயலாது.

6. பிற்காலச் சான்று

கருத்தைச் சோதிக்க அடுத்த ஆண்டுகள் உதவுகின்றன. 2020இல் பெருந்தொற்றால் போட்டியே நடக்கவில்லை. 2021இல் பதின்மூன்றாம் இடத்து ஒஹையோ அணியிடம் வர்ஜீனியா 58–62 எனத் தோற்றது. 2023இல் அதே இடத்து பர்மன் அணியுடனான ஆட்டத்தில் இரண்டு புள்ளி முன்னிலையில், கடைசி வினாடிகளில், மூலையில் இருவரால் நெருக்கப்பட்ட கிளார்க் ஒரு நெடும்பந்தை எறிந்தார். அது எதிரணியின் கைக்குப் போய், மூன்றுபுள்ளியாகி, ஆட்டம் 67–68 என முடிந்தது. அனுப்பியவர் பர்டூ ஆட்டத்தில் அனுப்பிய அவரேதான், ஆட்டமுறையும் அதுவே. ஆதலால் 2019ஆம் ஆண்டுப் பட்டத்தைக் கொண்டு மெல்லாட்டத்தின் குறை நீங்கிற்று என்றோ, 2018ஆம் ஆண்டுத் தோல்வியைக் கொண்டு அம்முறை பட்டம் வெல்லத் தகாதது என்றோ முடிவுகட்ட இயலாது.